பர்ஸ்ட் மோடுக்கு முன்னோடி ஒரு துப்பாக்கி! பறவையைப் படமாகச் 'சுட்ட' பிரெஞ்சு டாக்டர் மாரேயின் கதை

காரைக்கால் பக்கம் மண்டபத்தூர் கடற்கரையில், படகுகள் கரை சேரும் நேரத்தில் கொஞ்சம் நின்று பாருங்க. வலையைச் சுற்றி ஆலாக்கள் இறங்கி ஏறும். போனை எடுத்து ஷட்டர் பட்டனை அழுத்திப் பிடித்தால், டக் டக் டக் என்று வரிசையாகப் படங்கள் விழும். ஏதாவது ஒன்றில், கண்ணால் பிடிக்கவே முடியாத ஒரு வளைவில் சிறகு அப்படியே நிற்கும்.

இதைத்தான் பர்ஸ்ட் மோடு என்கிறோம். ஒரே கேமராவில் இப்படிப் பறவையை 'சுட்டு'க் காட்டியவர் போட்டோகிராபர் இல்லை, ஒரு டாக்டர். வருஷம் 1882. அப்போது காரைக்காலும் பாரிஸும் ஒரே பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன.

யார் இந்த மாரே?

எத்தியேன் ஜூல் மாரே, 1830 மார்ச் 5 அன்று பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் பிறந்தார். ஊர் பேர் போன் (ஆமாங்க, போன்தான்!). அவருக்கு ஆசை இன்ஜினியரிங் மேல். அப்பாவுக்கோ மகன் டாக்டராகணும். நமக்குப் பழகிய கதைதானே? அப்பா ஜெயித்தார், ஆனால் பாதிதான். மருத்துவம் படித்த மாரே, வாழ்நாள் முழுக்கக் கருவிகளைத்தான் செய்துகொண்டிருந்தார்.

1860-ல் மணிக்கட்டில் கட்டும் ஒரு கருவியை உருவாக்கினார். நாடித் துடிப்பை அது தானாகவே கோடாக வரைந்து காட்டியது. பிறகு இதயம், தசை, குதிரையின் காலடி, பூச்சியின் சிறகு என்று போய்க்கொண்டே இருந்தார். எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தது ஒரே கேள்வி: உயிருள்ள உடம்பு எப்படி இயங்குது?

பறவை மட்டும் சிக்கல்

1878-ல் அமெரிக்காவில் எட்வர்டு மைபிரிட்ஜ், ஓடும் குதிரையை வரிசையாக வைத்த 12 கேமராக்களால் படம் எடுத்தார். பாதையின் குறுக்கே கட்டிய நூலைக் குதிரை தட்டத் தட்ட ஒவ்வொரு ஷட்டராக விழும். அந்தப் படங்களைப் பத்திரிகையில் பார்த்து மாரே அசந்துபோனார். ஆனால் பறவை நூல் கட்டிய பாதையில் பறக்காதே! கேமராதான் அதன் பின்னால் திரும்பணும். அப்படியானால் கேமரா துப்பாக்கி மாதிரி இருக்கணும்.

இதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. 1868 சூரிய கிரகணத்தைப் பார்க்க அன்றைய சென்னை மாகாணத்து குண்டூருக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென், 1874-ல் வெள்ளி கிரகம் சூரியனைக் கடப்பதைப் பதிவு செய்ய ஒரு 'போட்டோ ரிவால்வர்' செய்திருந்தார். அது 72 வினாடியில் 48 படம் எடுத்தது. கிரகத்துக்கு அது போதும், சிறகுக்குப் போதாது.

மாரேயின் துப்பாக்கி வினாடிக்கு 12 படம் எடுத்தது. ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் விழுந்தது 1/720 வினாடிதான். குழலில் லென்ஸ், உள்ளே கடிகார இயந்திரம், சுழலும் கண்ணாடித் தகடு. இத்தாலியின் நேப்பிள்ஸ் கடற்கரையில் அதைத் தோளில் வைத்துப் பறவைகளைக் குறிபார்த்தார். வெடிச் சத்தமும் இல்லை, பறவையும் விழவில்லை. ஆனாலும் மனுஷன் சந்தோஷமாக வீடு திரும்புகிறார். ஊர்க்காரர்கள் அவரைக் கிறுக்கன் என்று நினைத்ததாக ஒரு கதை உண்டு.

வேகத்துக்கும் சத்தத்துக்கும் என்ன தொடர்பு?

12-க்கு மேல் ஏன் போகவில்லை? ஒவ்வொரு படத்துக்கும் தகடு நகரணும், நிற்கணும், மறுபடி நகரணும். கனமான பொருளை இப்படி நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் அதிரும். டிஎஸ்எல்ஆர் கேமராவின் 'சடக்'கும் இதே கணக்குதான். கண்ணாடி மேலே போய் முட்டுது, ஷட்டர் திரை ஓடி நிற்குது. வேகத்தைக் கட்டுப்படுத்துவதும் சத்தம் போடுவதும் இந்த நகர்ந்து நிற்கும் வேலைதான்.

அதே ஆண்டு மாரே வேறு வழி பிடித்தார். தகட்டை அசையாமல் வைத்து, துளை போட்ட வட்டை மட்டும் நிற்காமல் சுழலவிட்டார். வேகம் கூடியது. ஆனால் படங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. ஓடுபவருக்குக் கறுப்பு உடை போட்டு, கை கால்களில் வெள்ளைக் கோடு ஒட்டி அதையும் சமாளித்தார். இன்றைய எலெக்ட்ரானிக் ஷட்டரும் இப்படித்தான். எதுவுமே நகராது, சத்தமே இல்லை. ஆனால் பல கேமராக்களில் சென்சார் வரி வரியாகப் படிப்பதால் வேகமான சிறகு கோணலாக விழும். இதைத் தீர்க்க, எல்லா வரியையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும் சென்சாருடன் சோனி 2023-ல் அறிவித்த ஆல்ஃபா 9 மார்க் 3, வினாடிக்கு 120 படம் எடுக்கும்.

சினிமா கை நழுவியது

1888-ல் மாரே கண்ணாடித் தகட்டிலிருந்து காகிதச் சுருளுக்கு மாறினார். பிறகு செல்லுலாய்டு வந்தது. சினிமாவுக்கு ஓரடி தூரம்தான். உதவியாளர் ஜார்ஜ் டெமெனி அதைத் தொழிலாக்க ஆசைப்பட்டார். மாரே சம்மதிக்கவில்லை. பல வருஷம் சேர்ந்து உழைத்த இருவரும் 1894-ல் பிரிந்தார்கள். அதே ஆண்டு, தலைகீழாக விழும் பூனை காற்றிலேயே திரும்பி நாலு காலில் இறங்குவது எப்படி என்று மாரே படம் பிடித்துக் காட்டி விஞ்ஞானிகளைக் குழப்பினார். அடுத்த ஆண்டு லூமியேர் சகோதரர்கள் சினிமா காட்டிப் பேர் வாங்கினார்கள். மாரேக்கு அசைவைத் திரையில் மறுபடி ஓட்டுவதில் ஆர்வம் இல்லை. கண்ணுக்குத் தெரியாததைப் பிரித்துப் பார்க்கணும், அவ்வளவுதான்.

1904 மே 15 அன்று பாரிஸில் இறந்தார். மைபிரிட்ஜ் இறந்தது அதற்கு ஒரு வாரம் முன்பு. இருவரும் பிறந்ததும் ஒரே வருஷம்தான்!

உங்க கேமராவை நீங்களே டெஸ்ட் பண்ணலாம்

இன்னொரு போனில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு, அதை நோக்கி பர்ஸ்ட் அடிங்க. ஒரு வினாடிக்குள் எத்தனை படம் விழுந்தது என்று எண்ணினால், விளம்பரம் சொன்ன வேகம் நிஜமா என்று தெரிந்துவிடும். ஷட்டர் சத்தத்தை ஆஃப் செய்து இன்னொரு முறையும் பாருங்க. போனில் கேட்கும் 'டக்' பெரும்பாலும் ஸ்பீக்கர் போடும் சத்தம்தான்.

இது புது ஐடியா இல்லை. மாரேயும் தன் படங்களுக்குள் ஓடும் முள்ளோடு ஒரு கடிகார முகப்பை வைத்தவர்தான். தன் கருவியின் வேகத்தைக்கூட அளந்து பார்க்காமல் அவர் நம்பவில்லை.