தமிழ்ப் படம் முதலில் பேசியது இவர் குரலில்!

குட்டீஸ், போடிநாயக்கனூரிலிருந்து மலையை நோக்கி 16 கிலோமீட்டர் போனால் குரங்கணி வரும். ஏலக்காய், காபி, மிளகு, இலவம் என்று வாசமும் பசுமையுமாக இருக்கும் ஊர். சினிமாக்காரர்களுக்கு இந்த ஊர் மீது தனிப் பிரியம். 2010-ல் வந்த 'மைனா' படத்தில் பார்த்த மலைப்பாதைகள் இந்தப் பக்கத்தவைதான். ஜெனரேட்டர் வேன் ஒன்று ஊருக்குள் ஏறி வந்தால் போதும், ஷூட்டிங் என்று தெரிந்துகொண்டு பிள்ளைகள் கூட்டம் கூடிவிடும்.

அப்படிக் கூடும்போது எல்லாரும் ஹீரோவைத்தான் தேடுவார்கள். அடுத்த முறை வேறு ஒன்றையும் கவனியுங்கள். கேமராவுக்குப் பின்னால், மைக்கைப் பிடித்துக்கொண்டு உத்தரவு போடுகிறவர்களில் பெண்கள் எத்தனை பேர்? இன்றைக்கே எண்ணுவதற்குப் பத்து விரல் அதிகமாக இருக்கலாம். அப்படியானால் 1936-ல் எப்படி இருந்திருக்கும்? அந்த ஆண்டிலேயே ஒரு பெண் கதை எழுதி, பணம் போட்டு, தானே நடித்து, தானே இயக்கி ஒரு தமிழ்ப் படத்தை வெளியிட்டார். அவர் பெயர் டி.பி. ராஜலட்சுமி.

தமிழ் சினிமாவின் முதல் கதாநாயகி என்று பொது அறிவுப் புத்தகத்தில் இவர் பெயரைப் படித்திருப்பீர்கள். ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் நிறைய இருக்கிறது.

தஞ்சை மாவட்டம் திருவையாறு இவருடைய சொந்த ஊர். பிறந்தது 1911 நவம்பர் 11. அப்பா பஞ்சாபகேச சாஸ்திரி, கிராமத்துக் கணக்குப்பிள்ளை. தியாகராஜ சுவாமிகள் வாழ்ந்து மறைந்த ஊர் அல்லவா திருவையாறு? அங்கே சங்கீதத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒரு தடவை கேட்ட பாட்டை அப்படியே திருப்பிப் பாடிவிடுவாராம் சின்னப் பெண் ராஜலட்சுமி.

ஆனால் பாட்டுப் பாடி விளையாட வேண்டிய வயதிலேயே அவருக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அதைத் தடுக்க ஒரு சட்டம்கூடக் கிடையாது. பெண்ணுக்கு 14 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று சொன்ன சாரதா சட்டமே 1929-ல்தான் வந்தது. வரதட்சணைத் தகராறில் அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை. சிறுமி பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தாள். அப்பாவும் இறந்து போனார். வீட்டில் சம்பாதிக்க யாரும் இல்லை. அம்மாவும் மகளும் பிழைப்புத் தேடித் திருச்சிக்குப் போனார்கள்.

அங்கே சாமண்ணா என்பவருடைய நாடகக் கம்பெனியில் ராஜலட்சுமி சேர்ந்தார். இன்றைக்கு நடிகை என்றால் நீங்கள் ஓடிப் போய் செல்ஃபி எடுப்பீர்கள். அன்று அப்படி இல்லை. மேடையில் பெண் வேஷத்தைக்கூட ஆண்களே போட்ட காலம் அது. நல்ல குடும்பத்துப் பெண் மேடை ஏறலாமா என்று சொந்தக்காரர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பேசியவர்களில் ஒருவராவது ஒரு படி அரிசி கொண்டுவந்து கொடுத்திருப்பாரா? சந்தேகம்தான். ராஜலட்சுமி பாடினார், நடித்தார், குடும்பத்தைக் காப்பாற்றினார். ஊர் ஊராக நாடகம் போட்டதில் அவருக்கு நல்ல பெயர் கிடைத்தது.

பிறகு சினிமா வந்தது. முதலில் மௌனப் படங்கள். 'கோவலன்' படத்தில் மாதவியாகவும், 1931-ல் ராஜா சாண்டோ எடுத்த 'உஷா சுந்தரி', 'ராஜேஸ்வரி' படங்களிலும் நடித்தார். அவ்வளவு நன்றாகப் பாடுகிறவர், வாயை அசைத்தும் சத்தம் வராத படங்களில் நடித்தார் என்பது வேடிக்கைதான்.

அதே ஆண்டு மார்ச் 14-ல் பம்பாயில் 'ஆலம் ஆரா' வெளியானது. இந்தியாவின் முதல் பேசும் படம், இந்தியில். அதை எடுத்த அர்தேஷிர் இரானி, அடுத்து தென்னிந்திய மொழியில் ஒன்று எடுக்க நினைத்தார். எச்.எம். ரெட்டி இயக்கினார். 'காளிதாஸ்' தயாரானது. ஆடு மேய்ப்பவன் ஒருவனுக்குச் சூழ்ச்சியால் இளவரசியைக் கல்யாணம் செய்து வைக்க, காளியின் அருளால் அவன் மகாகவி ஆகும் கதை. இளவரசியாக நடிக்க ராஜலட்சுமி பம்பாய்க்கு ரயில் ஏறினார்.

அந்தக் காலத்தில் சினிமாவில் நடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இப்போது பாட்டை முதலில் ஸ்டூடியோவில் பதிவு செய்து, பிறகு குரங்கணி மலையில் ஓடவிட்டு வாயசைக்கிறார்கள். பேச்சையும் பல படங்களில் பின்னால் டப்பிங் பேசிச் சேர்க்கிறார்கள். 1931-ல் இந்த வசதி எதுவும் கிடையாது. கேமரா ஓடும்போதே நடிகை பேச வேண்டும், அப்போதே பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் கேமராவில் படாமல் செடிக்குப் பின்னாலோ திரைக்குப் பின்னாலோ ஒளிந்து வாசிப்பார்கள். மைக்கையும் எங்காவது மறைத்து வைப்பார்கள். நடுவில் யாராவது தும்மினால் அதுவும் பதிவாகிவிடும்! ஸ்டூடியோ பக்கத்தில் ரயில் பாதை இருந்ததால், ரயில் ஓடாத நடுராத்திரியில்தான் 'ஆலம் ஆரா'வின் பல காட்சிகளை எடுத்தார்கள். அந்த மைக்கைக் கொண்டுவந்து குரங்கணியில் வைத்திருந்தால் ஜீப் ஹாரனும் சிள்வண்டு ரீங்காரமும்தான் முதலில் நடித்திருக்கும்.

'காளிதாஸ்' படத்தில் இன்னொரு கூத்து. ஆளுக்கு ஒரு மொழி பேசினார்கள். தமிழும் தெலுங்கும் கலந்து வந்தன. தமிழில் பேசிப் பாடிய முக்கியக் குரல் ராஜலட்சுமியுடையது. திருவையாற்றுப் பெண் தியாகராஜர் கீர்த்தனையும் பாடினார். அதோடு, கதைக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாமல், காந்தியின் ராட்டையைப் பற்றி ஒரு பாட்டு. எழுதியவர் மதுரை பாஸ்கரதாஸ். காளிதாசன் காலத்தில் ராட்டைப் போராட்டம் எங்கே வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைக்கார ஆட்சியில், இருட்டான கொட்டகையில், அந்தப் பாட்டைக் கேட்கவே ஜனங்கள் காத்திருந்தார்கள்.

1931 அக்டோபர் 31-ம் தேதி சென்னையில் கினிமா சென்ட்ரல் தியேட்டரில் படம் வெளியானது. பம்பாயிலிருந்து வந்த படப்பெட்டியை மக்கள் ஊர்வலமாக எடுத்துப்போய், தேங்காய் உடைத்து, சூடம் காட்டினார்கள் என்று சொல்வார்கள். அப்போது ராஜலட்சுமிக்கு இன்னும் 20 வயது நிறையவில்லை.

1933-ல் கல்கத்தாவில் எடுத்த 'வள்ளி திருமணம்' பெரிய வெற்றி. தயாரித்தவர் கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட். தினைப்புனத்தில் பரண் மேல் நின்று கவண் வீசிக் கிளி விரட்டும் வள்ளியாக வந்தார் ராஜலட்சுமி. காட்டுப்பன்றி விரட்டப் பரண் கட்டுகிற மலைக்காட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை! அந்தப் படத்தில் உடன் நடித்த டி.வி. சுந்தரத்தைப் பின்னர் மணந்துகொண்டார். 'சினிமா ராணி' என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள்.

இந்த இடத்தில் நின்றுவிட்டிருந்தாலும் அவர் பெயர் புத்தகத்தில் இருந்திருக்கும். ஆனால் அதுவரை அவர் வாயிலிருந்து வந்த வசனமெல்லாம் யாரோ எழுதிக் கொடுத்தது. இளவரசி, வள்ளி, சாவித்திரி என்று எல்லாமே பழைய புராணக் கதை. ராஜலட்சுமிக்குச் சொந்தமாகச் சொல்ல ஒரு கதை இருந்தது. 'கமலவல்லி அல்லது டாக்டர் சந்திரசேகரன்' என்று ஒரு நாவலாக அதை எழுதியிருந்தார். ஒருவரை விரும்பும் பெண்ணை, அவள் மனதைக் கேட்காமல் வேறு ஒருவருக்குக் கல்யாணம் செய்து வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை. இந்த விஷயத்தைப் பற்றி அவரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும், சொல்லுங்கள்?

ஸ்ரீ ராஜம் டாக்கீஸ் என்று சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். நாவலைப் படமாக்கினார். கதை, வசனம், தயாரிப்பு, இயக்கம், கதாநாயகி எல்லாம் அவரே. 1936-ல் 'மிஸ் கமலா' வந்தது. தென்னிந்தியாவில் ஒரு பெண் இயக்கிய முதல் படம் அது. இந்தியாவிலேயே அவருக்கு முன்னால் 1926-ல் பம்பாயில் மௌனப் படம் இயக்கிய பாத்திமா பேகத்தைத்தான் சொல்வார்கள். ராஜலட்சுமி தன் மகளுக்கும் கமலா என்றே பெயர் வைத்தார்.

சினிமாவுக்கு வெளியே அவர் செய்த ஒரு காரியத்தை விட்டுவிடக் கூடாது. பிறந்தது பெண் என்பதற்காகக் கொல்லப்பட இருந்த ஒரு குழந்தையைக் காப்பாற்றித் தன் பிள்ளையாக வளர்த்தார். இந்தக் கொடுமை மதுரை, தேனிப் பக்கத்துக் கிராமங்களிலும் நடந்திருக்கிறது என்று உங்கள் பாட்டிகளுக்குத் தெரியும். அரசாங்கமே தொட்டில் வைத்துக் குழந்தைகளை வாங்கிக்கொள்ளும் திட்டம் 1992-ல்தான் தொடங்கியது. ராஜலட்சுமி எந்தத் திட்டத்துக்கும் காத்திருக்கவில்லை.

பிற்காலம் அவ்வளவு நன்றாக இல்லை. தேசப்பற்றுப் படம் எடுக்கப் போய்ப் பணத்தை இழந்தார். புதிய நடிகைகள் வந்தார்கள். பாட ஒருவர், நடிக்க ஒருவர் என்று ஆனதால், பாடத் தெரிந்த நடிகைக்கு இருந்த மவுசும் குறைந்தது. 1953-ல் பானுமதி 'சண்டிராணி' படத்தை இயக்கியபோது, 17 வருஷத்துக்கு முந்திய 'மிஸ் கமலா'வை எத்தனை பேர் நினைத்துப் பார்த்தார்களோ! 1964 ஆகஸ்ட் 20-ல் சென்னையில் ராஜலட்சுமி காலமானார். வயது 52.

அவர் குரலை இப்போது 'காளிதாஸ்' படத்தில் கேட்கலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். முடியாது. அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட்டில் செய்தது. சுலபமாகத் தீப்பிடிக்கும், வெயிலிலும் ஈரத்திலும் தானாகவே கெட்டுப்போகும். ஓடி முடிந்த படத்துக்கு என்ன மதிப்பு என்று, சுருளில் இருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுக்கக் கொடுத்துவிட்டவர்களும் உண்டு. பழைய படங்களைத் தேடிப் பாதுகாக்க இந்திய அரசு புனேயில் தேசிய திரைப்படக் காப்பகத்தைத் தொடங்கியது 1964 பிப்ரவரியில், அதாவது ராஜலட்சுமி இறந்த அதே வருஷம். பல பழைய படங்களை அவர்கள் மீட்டுவிட்டார்கள். 'காளிதாஸ்' கிடைக்கவில்லை. 'மிஸ் கமலா'வும் கிடைக்கவில்லை. சில புகைப்படங்களும் பத்திரிகை விளம்பரங்களும்தான் மிச்சம்.