லூயிஸ் கரோல் ஆராய்ந்த தேர்தல் நெறி

ஆலிஸ் என்னுஞ் சிறுமி ஒரு முயலைத் தொடர்ந்து சென்று கண்ட விந்தைகளைக் கூறும் ஆங்கில நூலை அறியாதார் நம்முட் சிலரே. அதனை 1865-இல் லூயிஸ் கரோல் என்னும் புனைபெயரால் வெளியிட்டவர், ஆக்ஸ்போர்டுச் சர்வகலாசாலையில் கணிதம் போதித்த சார்லஸ் டாட்ஜ்ஸன் ஆவர். அந்நூலால் எய்திய பெரும்புகழ் அவர்தம் வேறொரு பணியை மறைத்துவிட்டது. ஆசிரியர் பலர் கூடி ஒருவரைத் தெரிந்தெடுக்குங்கால், அத்தெரிவு நேர்மையாய் நடைபெறுவது எங்ஙனம் என்று அவர் ஆராய்ந்தார். ஈண்டு அதனையே பெரிதும் கூறப் புகுகின்றேன்.

அவர் 1832-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள் டேர்ஸ்பரி என்னுஞ் சிற்றூரில், ஒரு குருவானவரின் மக்கள் பதினொருவருள் மூத்த ஆண்மகவாய்த் தோன்றினார். 1851-இல் ஆக்ஸ்போர்டிலுள்ள கிறைஸ்ட் சர்ச் கலாசாலையிற் புகுந்தவர், வாழ்நாள் முழுதும் அதனையே இல்லமாகக் கொண்டார். 1855 முதல் 1881 வரை அங்குக் கணித விரிவுரையாளராக விளங்கினார். 1861-இல் டீக்கன் பட்டம் பெற்றும் குருப்பட்டம் பெறாது நின்றுவிட்டார். திக்குவாய் உடையவராதலின் சபையில் எழுந்து வாதாடுதல் அவருக்கு எளிதாயிற்றில்லை. எழுத்திலோ அவருக்குத் தடையேதும் இல்லை. கலாசாலையில் எவ்வழக்கு எழுந்தாலும் சிற்றேடொன்றை அச்சிட்டு உடனாசிரியர் கையிற் சேர்த்துவிடுவார்.

முன்னாளில் அக்கலாசாலையின் ஆட்சி, டீன் என்னுந் தலைவரிடமும் கேனன் என்னுங் குருமாரிடமுமே இருந்தது. 1867-இல் இயற்றப்பெற்ற சட்டத்தால், அங்கு ஸ்டூடெண்ட் என வழங்கும் உறுப்பினரும் ஆட்சிக் கழகத்தில் இடம்பெற்றனர். (இச்சொல்லால் நம்மனையாரைக் கருதி மயங்கற்க, ஆண்டு அது ஆசிரியர் முதலிய மூத்தோர்க்குரிய பெயர்.) டாட்ஜ்ஸனும் அவர்களுள் ஒருவர். பலரிடம் வாக்குரிமை வந்தவுடனே, அவ்வாக்குகளை எண்ணும் முறை யாது என்னும் வினாவும் உடன்வந்தது.

1873-ஆம் ஆண்டு டிசம்பரில் பௌதிக ஆசிரியர் ஒருவரைத் தெரிந்தெடுக்க வேண்டியதாயிற்று. அத்தருணத்தில் அவர் வெளியிட்ட சிற்றேட்டிலுள்ள உதாரணமொன்று நோக்கத்தக்கது. வாக்காளர் 11 பேர், அபேட்சகர் நால்வர். முதலாமவரை 3 பேர் தலைசிறந்தவராகவும், ஏனைய 8 பேரும் இரண்டாமிடத்துக்கு உரியவராகவும் மதிக்கின்றனர். இரண்டாமவரை 4 பேர் தலைசிறந்தவரென்பர். எஞ்சிய 7 பேரோ கடையரென்பர். ஒருவர்க்கு ஒரு வாக்கென எண்ணினால் வெற்றிபெறுபவர் இரண்டாமவரே! எழுவர் கடையரென ஒதுக்கியவரை எல்லார்க்குந் தலைவராக்குவது நீதியாமோ? வாக்களித்தவர் யாரும் வஞ்சித்திலர், எண்ணியவரும் பிழைசெய்திலர், முறையே பிழைபட்டது. இங்ஙனம் வழக்கிலிருந்த முறைகள் பலவற்றையும் அவர் ஒவ்வொன்றாகச் சோதித்துக் குறை காட்டினார்.

அபேட்சகரை வரிசைப்படுத்தி மதிப்பெண் இடும் முறையை முதலில் அவர் விரும்பினார். ஆயின் அதிலும் ஒரு சூது புகக்கூடும். தம்மவர் வெல்லவேண்டுமென்று கருதுவோர், அவர்க்கு நேர்எதிரியாய் நிற்கும் தக்காரை வேண்டுமென்றே கடையில் வைப்பர். தேர்தல் திறமையாளர் ஆடும் விளையாட்டாக மாறுதலை அவர் வெறுத்தார். ஆட்டத்தில் வல்ல சிலர் விருப்பத்தினும் பெரும்பாலார் விருப்பமே நிறைவேறுதல் நன்றென்பது அவர் துணிபு. ஆதலின் 1874-இல், மணிக்கூண்டுக்குரிய திட்டத்தைத் தெரிந்தெடுக்கும் பூசலின்போது, இருவரிருவராக ஒப்புநோக்கும் முறைக்கு மாறினார்.

இக்கட்டட வேலைகளைப் பற்றி அவர்க்கும் டீன் லிட்டெலுக்கும் மனவேற்றுமை மிகுதி. ஆலிஸின் தந்தை அந்த லிட்டெலே என்பது வியப்பன்றோ! டீனை வெல்லவே டாட்ஜ்ஸன் இம்முறைகளை வகுத்தார் என்பாரும் உளர். அங்ஙனமே ஆயினும், அவர் வகுத்த விதிகள் நண்பர்க்கும் பகைவர்க்கும் ஒருபடித்தாகவே பொருந்துவன. எனக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகின்றது.

1876-இல் எழுதிய மூன்றாஞ் சிற்றேட்டில் மிகக் கடினமான சிக்கலொன்றை எடுத்துக்கொண்டார். முதலாமவர் இரண்டாமவரை வெல்ல, இரண்டாமவர் மூன்றாமவரை வெல்ல, மூன்றாமவர் மீண்டும் முதலாமவரையே வெல்லுதல் கூடும். சக்கரம்போற் சுழலும் இப்பெரும்பான்மைக்கு முடிவெங்கே? பிரான்சு தேசத்துக் கொண்டார்சே 1785-இலேயே இதனைக் கண்டிருந்தார்; டாட்ஜ்ஸன் அந்நூலைக் கற்றிலர் என்பது அறிஞர் கருத்து. இத்தகைய நிலையை மறைக்காது சபைக்கு அறிவித்து, மீண்டும் ஆலோசிக்கச் செய்தலே நேர்மை என்று அவர் கருதினார்.

பிரிட்டிஷ் பார்லிமெண்டுத் தேர்தலுக்கு இரகசிய வாக்குமுறை வந்தது 1872-இல். சர்வகலாசாலைகளுக்குரிய தொகுதிகளுக்கோ அச்சட்டம் பொருந்தவில்லை. அங்குக் கற்றோர் வெளிப்படையாகவே வாக்களித்து வந்தனர். அக்காலத்துப் பொதுத்தேர்தல் பல நாள் நடைபெற்றமையால், முந்திய முடிவுகளைக் கண்டு பிந்தியோர் வெல்லுங் கட்சியின் பக்கம் சாய்வதுண்டு. எல்லா ஊர்களிலும் வாக்களிப்பு முடியும்வரை முடிவுகளை வெளியிடலாகாது என்று 1881-இல் அவர் பத்திரிகைக்கு எழுதினார்.

பின்னர்ப் பார்லிமெண்டுப் பிரதிநிதித்துவத்தைப் பற்றி 1884-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1898-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் கில்டுபோர்டு நகரில் உயிர் நீத்தார். உடனாசிரியர்க்கென அச்சிட்ட அச்சிற்றேடுகளை நெடுங்காலம் எவரும் பொருட்படுத்திலர். 1958-இல் டங்கன் பிளாக் என்னும் பொருளியல் அறிஞர், குழுக்களையும் தேர்தல்களையும் பற்றிய தம் நூலின் இறுதியில் அவற்றை மீண்டும் அச்சேற்றினார்.