சேர் போல் ஈ. பீரிசும் கந்தரோடையும்

இலங்கையின் ஆதிக் குடியேற்றம் என்றதும் விஜயனும் அவனது 700 தோழரும் வந்திறங்கிய கதையே பலருக்கும் நினைவுக்கு வரும். அதற்கு முன்னரே வட இலங்கையில் மக்கள் குடியேறியிருக்க வேண்டும் என்று எழுதி, அதற்கான தடயங்களை யாழ்ப்பாணக் குடாநாட்டின் மண்ணிலே தேடியவர் சேர் போல் எட்வேட் பீரிஸ் ஆவார்.

இவர் 1874ஆம் ஆண்டு பிறந்தார். கொழும்பு புனித தோமஸ் கல்லூரியிலும் பின்னர் இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் கற்றார். இலங்கைச் சிவில் சேவையில் இணைந்து நீதிபதியாகக் கடமையாற்றினார். தொழிலால் தொல்பொருளியலாளர் அல்லர் என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் கால வரலாற்றை விரிவாக எழுதியவர் என்றே இவரைப் பெரும்பாலோர் அறிவர்.

சுன்னாகத்துக்கு அண்மையில் உள்ள கந்தரோடை இவரது கவனத்தை ஈர்த்தது. அங்கு பனந்தோப்புகளுக்கும் தோட்டக்காணிகளுக்கும் இடையே பழைய கட்டடங்களின் எச்சங்கள் மண்மூடிக் கிடந்தன. பீரிஸ் தோண்டியபோது முருகைக்கல்லாலான சிறிய தூபிகளின் அடித்தளங்கள் வெளிப்பட்டன. அச்சுக் குத்திய நாணயங்கள், இலக்குமி உருவம் பொறித்த நாணயங்கள், உரோம நாணயங்கள், கண்ணுக்கு மை தீட்டும் செப்புக் குச்சிகள் முதலியனவும் கிடைத்தன. இவற்றைப் பற்றிய கட்டுரையை றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் 1917இலும் 1919இலும் இரு பகுதிகளாக வெளியிட்டார். பாளி நூல்கள் கூறும் நாகதீபம் என்ற பெயரையே கட்டுரையின் தலைப்பிற் சேர்த்துக்கொண்டார்.

அக்கட்டுரையில் அவர் முன்வைத்த வாதம் எளிமையானது. இந்தியக் கரைக்கும் இக்குடாநாட்டுக்கும் இடையே ஏறத்தாழ 30 மைல் கடலே உள்ளது. அதிகாலையில் மீன்பிடிக்கச் செல்லும் இந்திய மீனவர் கண்ணில் இந்நிலம் படாமல் இருந்திருக்க முடியாது. ஆகவே பாய் விரித்து ஓடத் தெரிந்த மக்கள் இந்தியாவில் வாழத் தொடங்கிய உடனேயே இங்கும் குடியேறியிருப்பர் என்பது அவர் முடிவு. விஜயன் வருமுன்னரே இலங்கையில் ஐந்து ஈச்சரங்கள் இருந்தன என்றும் அவர் கருதினார். சிங்கள அறிஞர் ஒருவர் இவ்வாறு எழுதியமையால் தமிழர் பலர் இதனை விரும்பி எடுத்தாண்டனர். ஆயினும் எழுதியவர் யார் என்பது வேறு, சான்று எது என்பது வேறு. கண்ணில் படுவதால் மட்டும் குடியேற்றம் நிகழ்ந்தது என்று கூறிவிட முடியாது. அதற்கு ஓடும் எலும்பும் கரியும் வேண்டும். தூபிகளைப் பற்றியும் அவ்வாறே கூறலாம். அவை பௌத்தச் சின்னங்கள் எனப் பீரிஸ் கொண்டார். ஆனால் அங்கு வழிபட்டோர் பேசிய மொழி எது என்பதைத் தூபி சொல்வதில்லை. பண்டைத் தமிழரிடையேயும் பௌத்தம் நிலவியது.

இங்கு பசுபிக் தீவுகளை ஒப்பிட்டு நோக்குவது பயன் தரும். தாகித்தியிலிருந்து ஹவாய்க்கு 4000 கிலோமீற்றருக்கும் மேல். கரையிலிருந்து எதுவும் தெரியாது. தொங்கா, சமோவா ஆகியவற்றை மக்கள் சுமார் 3000 ஆண்டுகளுக்கு முன்னரும், நியூசிலாந்தைக் கி.பி. 13ஆம் நூற்றாண்டளவிலும் அடைந்தனர். அவர்களுக்கு முன் அங்கு எவரும் இல்லை. எனவே அடிமட்டத்தில் கிடைக்கும் கரியும் மனிதர் கொண்டுவந்த எலியின் எலும்பும் முதற் குடியேற்றத்தையே காட்டும். யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. பாக்கு நீரிணை ஆழமற்றது. பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது இலங்கையும் இந்தியாவும் நிலத்தால் இணைந்திருந்தன. அன்று நடந்தே வரலாம். பின்னர் ஓடத்திலும் வந்தனர், போயினர், மீண்டும் வந்தனர். ஆகவே இங்கு ஒரே ஒரு முதல் வருகையைத் தேடுவது பொருத்தமன்று. பீரிஸ் ஒரு கதாநாயகனின் வருகையை விட்டு மீனவரின் அன்றாடப் போக்குவரவைக் கருதியமையே அவரது வாதத்தில் நிலைக்கக்கூடிய பகுதி எனலாம்.

சான்றுகள் பிற்காலத்தில் கிடைத்தன. 1970இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருட் காட்சியகக் குழுவினர் கந்தரோடையில் அகழ்ந்தபோது, கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்களைக் கொண்ட கீழ்ப்படை வெளிப்பட்டது. அது கி.மு. முதலாம் ஆயிரவாண்டுக்குரியது. இத்தகைய மட்பாண்டங்கள் தமிழகத்தின் பெருங்கற்கால ஈமச்சின்னங்களிலும் காணப்படுகின்றன. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் ஆனைக்கோட்டையில் மனித எலும்புக்கூட்டுடன் கூடிய பெருங்கற்கால அடக்கத்தையும், பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையையும் கண்டெடுத்தனர். பீரிஸ் ஊகமாகக் கூறியதற்கு இவ்வாறு மண்ணிலே ஆதாரம் கிடைத்தது. பொ. இரகுபதி 1987இல் வெளியிட்ட ஆங்கில நூலில் குடாநாட்டின் ஆதிக் குடியிருப்புகள் தொகுத்து ஆராயப்பட்டுள்ளன.

பீரிஸ் 1952இல் சேர் பட்டம் பெற்றார், 1959இல் காலமானார். இவரையும் இவரது மகன் போல் ஈ. பி. தெரணியகலவையும் மாணவர் சிலர் ஒருவராகவே எண்ணி எழுதுவதுண்டு. பலாங்கொடை மனிதன் பற்றி ஆராய்ந்தவர் மகன். கந்தரோடையைத் தோண்டியவர் தந்தை. பேரனான சிரான் தெரணியகல, பின்னாளில் தொல்பொருளியல் திணைக்களப் பணிப்பாளர் நாயகமாக விளங்கியவர். இலங்கைக் குகைகளில் மனிதர் 30,000 ஆண்டுகளுக்கும் முன்னரே வாழ்ந்தனர் என்பதைப் பத்ததொம்பலென போன்ற இடங்களில் நடத்திய அகழ்வுகளால் நிறுவினார். பாட்டனார் நினைத்த மீனவருக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முற்பட்டவர்கள் அவர்கள். சிரான் 2021இல் காலமானார்.