ஹென்றி ராய்ஸ்

இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரையடுத்த ஆல்வால்ட்டன் என்னும் சிற்றூரில், 1863ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள் ஹென்றி ராய்ஸ் பிறந்தார். தந்தையார் மாவு ஆலை நடத்தி வந்தார். தொழில் நொடிந்தமையால் குடும்பம் வறுமையுற்றது. ராய்ஸ் ஒன்பது வயதுச் சிறுவராயிருந்தபோது தந்தையாரும் காலமானார். செய்தித்தாள் விற்றும், வீடுதோறும் தந்தி கொண்டு கொடுத்தும் அச்சிறுவர் வயிறு வளர்த்தார். பள்ளியிற் பயின்ற காலம் மிகச் சிறிது.

உறவினராகிய அம்மையார் ஒருவர் ஆண்டுக்கு 20 பவுன் செலுத்தி, அவரைப் பீட்டர்பரோ இரயில்வே தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்த்தார். மூன்றாண்டுகளில் அவ்வுதவியும் நின்றுபோயிற்று. எனினும் கற்ற தொழில் கைவிடவில்லை. 1884ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் நண்பர் ஒருவருடன் சிறு மின்கருவிப் பட்டறை தொடங்கினார். வேலையில் ஆழ்ந்துவிட்டால் அவருக்கு உணவு நினைவிராது. பால் குவளையுடன் பையன் ஒருவனை அவர்பின் அனுப்புவார்களாம்!

1904ஆம் ஆண்டில் அவர் செய்த மோட்டார் வண்டியைக் கண்டு வியந்தவர் சார்லஸ் ரோல்ஸ் என்னும் செல்வக் குமாரர். இருவர் பெயரும் இணைந்த நிறுவனம் 1906இல் தோன்றியது. 1908இல் டெர்பி நகரில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. ரோல்ஸ் வானிற் பறப்பதில் பெருவேட்கை உடையவர். 1910ஆம் ஆண்டு சூலைத் திங்களில் போர்ன்மத்தில் பறந்து கொண்டிருந்தபோது விமானம் முறிந்து வீழ்ந்து, முப்பத்திரண்டாம் வயதில் உயிர் துறந்தார். அடுத்த ஆண்டில் ராய்ஸ் கடும் நோயுற்றார். அறுவை செய்து உயிர் பிழைத்தாராயினும், அதன்பின் அவர் டெர்பியில் தங்கவேயில்லை. கென்ட் கடற்கரையில் இருந்த இல்லமே அவருக்குப் பணிமனையாயிற்று. தொழிற்சாலையை விட்டு நெடுந்தொலைவில் இருந்துகொண்டு அதன் தலைமைப் பொறிஞராக விளங்கினார் என்பது இக்கால மாணவர்க்கு வியப்பாகத் தோன்றலாம்.

1914ஆம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. அந்நாளில் ஆங்கிலேயர் விமான எந்திரங்களுக்குப் பெரும்பாலும் பிரெஞ்சு நாட்டையே நம்பியிருந்தனர். பிறர் வகுத்த, காற்றினால் குளிரும் எந்திரங்களைச் செய்து தருமாறு அரசினர் டெர்பிக்குப் பணித்தனர். அவ்வமைப்பு ராய்சின் மனத்துக்கு ஒவ்வவில்லை. நீரால் குளிரும் பன்னிரண்டு சிலிண்டர் எந்திரம் ஒன்றைத் தாமே வகுக்கத் துணிந்தார். பகைவர் நாட்டு மெர்சிடிஸ் பந்தய வண்டி ஒன்று அப்போது இலண்டனில் இருந்தது. அதனை டெர்பிக்குக் கொணர்ந்து ஆராய்ந்தனர். நல்லதை எங்கிருந்தும் கொள்ள ராய்ஸ் நாணியதில்லை. விசிறி மெல்லச் சுழன்றால்தான் காற்றை நன்கு தள்ளும். எந்திரமோ விரைந்து சுழன்றால்தான் மிகுந்த ஆற்றல் தரும். ஆகவே இரண்டிற்கும் இடையே பற்சக்கரத் தொகுதி ஒன்றை அமைத்தார்.

வீட்டிலிருந்து படங்களும் கடிதங்களும் டெர்பிக்குச் சென்ற வண்ணம் இருந்தன. 1915ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 'ஈகிள்' எனப் பெயர் பெற்ற அவ்வெந்திரம் 225 குதிரைத்திறனுடன் ஓடியது. சாலையில் எந்திரம் நின்றால் இறங்கிப் பழுது பார்க்கலாம்; வானத்தில் நின்றால் என் செய்வது? அனைத்துறுப்பையும் தடிப்பாக்கினாலோ எடை மிகுந்துவிடும். எனவே டெர்பியில் ஹைவ்ஸ் என்பாரும் அவர் துணைவரும், ஏதேனும் ஓர் உறுப்பு முறியும்வரை எந்திரத்தை ஓயாது ஓட்டுவர். முறிந்த உறுப்பை மட்டும் ராய்ஸ் திருத்தி வகுப்பார், மீண்டும் ஓட்டுவர். இங்ஙனம் சிறுகச் சிறுக வலுப்பெற்ற ஈகிள், போர் முடியுமுன் 360 குதிரைத்திறனை எட்டியது. ஹான்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானங்கள் அதனால் பறந்தன. அதனினும் சிறியதாகிய 'பால்கன்' பிரிஸ்டல் போர் விமானங்களை இயக்கியது.

1919ஆம் ஆண்டு சூன் திங்களில் ஆல்காக், பிரௌன் என்னும் இருவர் நியூபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்து வரை, அட்லாண்டிக் பெருங்கடலை எங்கும் தங்காது ஏறத்தாழ 16 மணி நேரத்திற் கடந்தனர். மூடுபனியிலும் உறைபனியிலும் அவர்களைச் சுமந்து சென்றவை இரண்டு ஈகிள் எந்திரங்கள்.

1930இல் ராய்சுக்குச் 'சர்' பட்டம் கிடைத்தது. 1933ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் சசெக்சில் உள்ள தம் இல்லத்தில் அவர் உயிர் நீத்தார். அவர்தம் இறுதிக் காலத்திற் தொடங்கப்பெற்ற புதிய எந்திரம் அவ்வாண்டு அக்டோபரில் முதன்முதலாக ஓடியது. 'மெர்லின்' என்று பின்னர்ப் பெயர் பெற்ற அதுவே, 1940ஆம் ஆண்டு வான்போரில் ஸ்பிட்பயர், ஹரிக்கேன் விமானங்களை இயக்கிற்று.