கிறீன் வைத்தியரும் கெமிஸ்தமும்

கடலூரில் நாம் நைட்ரஜன் என்று பயிலும் வாயு, அண்மையிலுள்ள புதுச்சேரியில் பிரெஞ்சு கற்போர்க்கு அசோட் ஆகின்றது. ஜெர்மானியரோ, மூச்சைத் திணறச் செய்யும் பொருள் எனத் தம் சொற்களாலேயே அதற்குப் பெயரிட்டனர். ஐரோப்பியரே ஒரு பெயரில் ஒன்றுபடாதிருக்கத் தமிழன் மட்டும் ஆங்கிலத்தின் வழியாகவே சாஸ்திரம் கற்க வேண்டுமோ? வேண்டாமெனத் துணிந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மிஷன் வைத்தியர்.

1822இல் மாசச்சூசெட்ஸில் பிறந்த இவர் 1847இல் யாழ்ப்பாணம் அடைந்தார். ஆங்கிலத்தில் வைத்தியம் கற்றவர்கள் உத்தியோகம் நாடி ஊரைவிட்டு அகல்வதைக் கண்டு, 1864 முதல் மானிப்பாயில் தமிழிலேயே கற்பிக்கலானார். புதுப்பொருளுக்கு முதலில் தமிழ்ச்சொல்லைத் தேடுவார்; கிட்டாதாயின் வடசொல்லை நாடுவார்; அதுவும் பொருந்தாதாயின் ஆங்கிலச் சொல்லைத் தமிழோசைக்கு இசைவிப்பார். 1873இல் தாயகம் திரும்பினார். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றுதற்கு 54 ஆண்டுகள் முன்னரே, 1875இல், அவரது இரசாயன நூல் ‘கெமிஸ்தம்’ என்னும் பெயரால் தமிழில் வெளிவந்தது.

இரசாயனம் என்ற சொல் இருக்க அதனை அவர் கொள்ளாதது நமக்கு வியப்பே. அது காயகற்ப மருந்தையும் குறித்தலின், மயக்கம் நேருமென அஞ்சினார் போலும்.

1884இல் அவர் காலமானார். கெமிஸ்தம் என்னும் சொல் வழக்கொழிந்தது. இன்று நம் பாடநூலின் முகப்பில் வேதியியல் என்றிருக்கின்றது. உள்ளே நைட்ரஜன் நைட்ரஜனாகவே நிற்கின்றது.