தேடிப் போனவரும் திரும்பவில்லை: போர் ஓவியர் எரிக் ரவிலியஸ்

1942ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் திகதி. ஐஸ்லாந்தின் கல்தாதார்னெஸ் விமானத் தளத்திலிருந்து விடியற்காலையில் மூன்று ஹட்சன் விமானங்கள் கடலை நோக்கிப் புறப்பட்டன. முதல் நாள் ரோந்து சென்ற இன்னொரு ஹட்சன் தளம் திரும்பவில்லை. அதைத் தேடுவதுதான் அவற்றின் வேலை. அவற்றில் ஒன்றில் நான்கு விமானப்படையினரோடு ஐந்தாவது ஆளாக ஓவியர் ஒருவர் ஏறியிருந்தார். தேடப் போன அந்த விமானமும் திரும்பவில்லை. நான்கு நாட்கள் தேடினார்கள். ஐவரில் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை.

அந்த ஓவியர் எரிக் ரவிலியஸ். அப்போது அவருக்கு வயது 39.

கிரிக்கெட் தெரிந்தவர்கள், பெயர் அறியாமலே அவரது கைவேலையைப் பார்த்திருப்பார்கள். விஸ்டன் ஆண்டு மலரின் அட்டையில், உயரத் தொப்பி அணிந்த இரண்டு பழங்கால ஆட்டக்காரர்கள் நிற்கும் மரச்செதுக்குப் படம் 1938இல் அவர் செய்தது.

1903 ஜூலை 22ஆம் திகதி இலண்டனின் அக்டனில் பிறந்தார். தந்தை பழம்பொருட் கடை வைத்திருந்தவர். வளர்ந்தது தென்கரையில் உள்ள ஈஸ்ட்போர்ன் என்ற கடலோர நகரத்தில். இலண்டன் றோயல் கலைக் கல்லூரியில் அவருக்குக் கற்பித்தவர்களில் ஒருவர், முதலாம் உலகப் போரின் சேற்றையும் சிதைவையும் வரைந்து புகழ்பெற்ற போல் நாஷ். அங்கேதான் எட்வர்ட் போடன் என்ற ஓவியர் நண்பரானார். இலண்டன் மோர்லி கல்லூரியின் சுவர்களில் இருவரும் சேர்ந்து வரைந்த பெரும் ஓவியங்கள் 1940இல் ஜேர்மன் குண்டுவீச்சில் அழிந்தன. போர் அவரை விழுங்குவதற்கு முன்னரே அவரது வேலையை விழுங்கத் தொடங்கியிருந்தது.

1930இல் தன் மாணவியாக இருந்த ஓவியர் தேர்சா கார்வுட்டை மணந்தார். மூன்று பிள்ளைகள். எசெக்ஸ் கிராமங்களில் வாழ்க்கை. சுண்ணாம்புக் குன்றுகள், வெறுமையான அறைகள், துருப்பிடித்த வண்டிகள் என்பவற்றை மெல்லிய நீர்வர்ணத்தில் வரைந்தார். அவரது படங்களில் மனிதர்கள் குறைவு. யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோன்ற ஓர் அமைதி அவற்றில் இருக்கும்.

போர் தொடங்கியதும், வானத்தில் வரும் விமானங்களைக் கண்காணிக்கும் தொண்டர் அணியில் சேர்ந்தார். சில மாதங்களில் அரசின் போர் ஓவியர்களில் ஒருவராக நியமிக்கப்பட்டு, கௌரவ கப்டன் தரத்துடன் கடற்படைக்கு அனுப்பப்பட்டார்.

1940 மே, ஜூன் மாதங்களில் நோர்வே கடலில் ஹைலேண்டர் என்ற நாசகாரிக் கப்பலில் இருந்தார். நோர்வேயைக் கைவிட்டுப் பிரித்தானியப் படைகள் பின்வாங்கிய நேரம் அது. தரைத் தளங்களில் நின்ற ஹரிக்கேன், கிளடியேற்றர் போர் விமானங்களை அழிக்க மனமில்லாமல், குளோரியஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் இறக்க முடிவு செய்தார்கள். ஹரிக்கேன்கள் கப்பலில் இறங்குவதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. வால் பகுதியில் மணல் மூட்டை வைத்து, பாரத்தைச் சமப்படுத்தி விமானிகள் அவற்றை இறக்கினார்கள். எல்லாம் பத்திரமாக இறங்கின.

ரவிலியஸ் வரைந்தது அந்தக் காட்சியை. வடதுருவக் கோடையின் மறையாத சூரியன், கடலில் மினுங்கும் ஒளி, தூரத்தில் கப்பல், அதற்கு மேலே சிறு பூச்சிகள்போல வட்டமிடும் விமானங்கள். பார்ப்பவருக்கு அது ஒரு நிம்மதியான மாலைப்பொழுதாகவே தெரியும். ஆனால் மறுநாள், ஜூன் 8ஆம் திகதி, இரண்டு ஜேர்மன் போர்க்கப்பல்கள் குளோரியஸையும் துணைக்கு வந்த இரண்டு நாசகாரிகளையும் மூழ்கடித்தன. 1,500க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அத்தனை திறமையோடு விமானங்களை இறக்கிய விமானிகளில் இருவர் மட்டுமே உயிர் தப்பினர்.

கடலுக்கு மேல் நடந்த விமானச் சண்டைகளை வரைந்து, எண்ணிட்டு, அதில் பறந்த முதிய விமானிகளிடம் கையொப்பம் வாங்கி விற்கும் அச்சுப் படங்களுக்கு இன்று உலகெங்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலும் வெற்றியின் கணம்தான் இருக்கும். எதிரி விமானம் புகைந்து விழும், வென்றவன் மேலே திரும்புவான். ரவிலியஸின் படத்தில் வெற்றியும் இல்லை, பிணமும் இல்லை. சாகப்போவது தெரியாமல் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தவர்களின் கடைசி நல்ல பொழுது மட்டுமே இருக்கிறது. தப்பி வந்து கையொப்பமிட அவர்களில் அனேகர் மிஞ்சவில்லை.

பின்னர் நீர்மூழ்கிகளின் உட்புறத்தை வரைந்தார். ஸ்கொட்லாந்தின் டன்டீயில் கடல் விமானங்களை வரைந்ததோடு அவற்றில் பறந்தும் பார்த்தார். பறப்பதில் அவருக்கு ஆசை கூடிக்கொண்டே போனது. ஆனால் வீட்டு நிலைமை நன்றாக இருக்கவில்லை. 1942 மார்ச்சில் தேர்சாவுக்கு மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை நடந்தது. கடைசிக் குழந்தைக்கு அப்போது ஒரு வயதும் நிரம்பவில்லை. அந்த ஓகஸ்ட் இறுதியில் ரவிலியஸ் ஐஸ்லாந்து போய்ச் சேர்ந்தார். சில நாட்களில் எல்லாம் முடிந்தது.

அந்தப் போரில் கடமையின்போது உயிரிழந்த பிரித்தானியப் போர் ஓவியர்கள் மூவர். முதலாமவர் ரவிலியஸ். அவருக்குப் பதிலாக ஐஸ்லாந்துக்கு அனுப்பப்பட்ட தோமஸ் ஹெனெலும் 1945இல் ஜாவாவில் கொல்லப்பட்டார்.

உடல் கிடைக்காததால் ரவிலியஸுக்குக் கல்லறை இல்லை. கடலில் இறந்தவர்களுக்காகச் சத்தாமில் எழுப்பப்பட்ட கடற்படை நினைவுத் தூணில் பெயர் மட்டும் இருக்கிறது. காணாமல் போனவருக்காகக் காத்திருப்பது எப்படியென்று அறிந்தவர்களுக்கு, கல்லில் ஒரு பெயர் இருப்பதும் எவ்வளவு பெரிய விடயம் என்று தெரியும்.

தேர்சா மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார், மறுமணம் செய்தார், மீண்டும் ஓவியம் வரைந்தார். 1951இல் நோய் அவரையும் கொண்டுபோனது. 1942இல் நோய்ப் படுக்கையிலிருந்து தேறும்போது எழுதிய அவரது தன்வரலாறு, மகளின் முயற்சியால் 2012இல்தான் நூலானது. ரவிலியஸின் நீர்வர்ண ஓவியங்கள் பலவற்றை நண்பர் போடன் தன் வீட்டில் பல ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருந்தார். 1970களில் பிள்ளைகள் அவற்றைக் கண்டெடுத்தபோது, தந்தையின் பெயர் பொதுவெளியில் ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தது. இன்று அவரது கண்காட்சிகளுக்கு மக்கள் திரள்கிறார்கள்.

கடல் எதையும் திருப்பித் தரவில்லை. ஒரு நண்பர் கைவிடாமல் வைத்திருந்த காகிதங்கள்தான் அந்தப் பிள்ளைகளுக்குத் தந்தையைத் திருப்பிக் கொடுத்தன.