நூலுக்கு வழி சமைத்த பேரறிஞர்

நிலத்தின் அடியில் நீர் நிறைந்திருப்பினும், கிணறு தோண்டாதார்க்கு அது பயன்படுவதில்லை. அதுபோலவே, நூலகத்தில் பல்லாயிரம் நூல்கள் அடுக்கப்பெற்றிருப்பினும், வேண்டிய நூலை வேண்டிய பொழுதில் கண்டெடுக்க வழியில்லையாயின் அவற்றால் விளையும் நன்மை சிறிதே. அவ்வழியைச் சமைப்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட பெரியார் சீ. இரா. அரங்கநாதனார் ஆவார்.

இவர் 1892-ஆம் ஆண்டில் சீர்காழியில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். எனினும் கல்வியில் தளர்ச்சியின்றி முன்னேறிச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் மங்களூர், கோயம்புத்தூர், சென்னை ஆகிய நகரங்களில் அரசினர் கல்லூரிகளில் ஆசிரியராய் விளங்கினார்.

1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக் கழகம் இவரைத் தன் முதல் நூலகராக அமர்த்தியது. மாணவர் சூழ வாழ்ந்த இவருக்கு நூலகத்தின் தனிமை முதலில் கசந்தது. மீண்டும் ஆசிரியப் பணிக்கே செல்ல விழைந்தார். ஆயினும், அவ்வாண்டிலேயே பயிற்சிக்காக இலண்டன் மாநகர் சென்றபொழுது இவர் உள்ளம் மாறியது. ஆங்குப் பல நூலகங்களைக் கண்டார். நூல்களை வகைப்படுத்தும் முறைகளில் இருந்த குறைகளையும் உணர்ந்தார். புதிது புதிதாகத் தோன்றும் அறிவுத்துறைகளுக்கு முன்னரே வகுத்துவைத்த எண்கள் இடந்தரவில்லை.

ஒருநாள் அந்நகரத்துக் கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியைக் கண்டார். சில உலோகத் துண்டுகளையும் திருகாணிகளையும் கொண்டே பற்பல உருவங்கள் அமைக்கப்படுவது இவர் கருத்தைக் கவர்ந்தது. ஒவ்வொரு பொருளையும் சிறு கூறுகளாகப் பகுத்து, அக்கூறுகளை வேண்டியவாறு இணைத்தால், எத்துணைப் புதிய பொருளுக்கும் இடம் அமைக்கலாம் அன்றோ? இவ்வெண்ணத்தினின்று எழுந்ததே 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை. கூறுகளை இணைக்க முக்காற்புள்ளியைக் கையாண்டமையால் அதற்கு அப்பெயர் வந்தது.

நூலை அடுக்கினால் மட்டும் போதுமா? தேடுபவர் தம் மனத்திலுள்ள சொல்லைக் கொண்டன்றோ நூற்பட்டியலை நோக்குவர்? ஆதலின் பொருள் தலைப்புகளை ஒழுங்காக அமைக்கச் சங்கிலி முறை என்பதனையும் அரங்கநாதனார் வகுத்தார். தொடக்கப் பள்ளிகளில் கணிதம் கற்பித்தலைப் பற்றிய நூல் ஒன்று உளது எனக் கொள்வோம். கணிதம் என்று தேடுவார்க்கும், கற்பித்தல் என்று தேடுவார்க்கும், தொடக்கப் பள்ளி என்று தேடுவார்க்கும் அந்நூல் இருக்குமிடம் புலனாதல் வேண்டும். சங்கிலியின் கண்ணிகள்போல, சிறப்புப் பொருளிலிருந்து பொதுப் பொருள் வரை முறையே தலைப்புகளைப் பெறுதற்கு இம்முறை உதவியது. 1950-இல் தொடங்கிய பிரித்தானிய தேசிய நூற்பட்டியலும் இதனை மேற்கொண்டது.

மாணவர்களே, தலைப்பை ஒருமுறை வகுத்தவுடன் பணி முடிந்ததென்று எண்ணற்க. வழக்கில் சொற்கள் மாறுகின்றன. முன்னாளில் முதியோர் கல்வி என வழங்கியதனை இந்நாளில் வயது வந்தோர் கல்வி என்கின்றோம். பழைய நூல்கள் ஒரு தலைப்பிலும் புதிய நூல்கள் மற்றொரு தலைப்பிலும் பிரிந்து கிடப்பின், ஆராய்பவர் பாதியையே கண்டு, அதுவே முழுமை என மயங்குவர். இக்கேட்டைத் தவிர்க்க, ஒரு பெயரையே தலைப்பாகக் கொண்டு, மற்றப் பெயரிலிருந்து அதற்கு வழிகாட்டும் குறிப்பும் எழுதிவைத்தல் வேண்டும்.

நூலகம் உயிர்போல் வளரும் இயல்பினது என்பதை 1931-இல் வெளியிட்ட தம் நூலிலேயே அரங்கநாதனார் நிலைநாட்டினார். அதற்கேற்பத் தம் பகுப்புமுறையையும் ஓயாது திருத்தினார். 1960-க்குள் அஃது ஆறு பதிப்புகள் கண்டது. திருத்தந்தோறும் பழைய நூல்களின் எண்களை மாற்ற நேர்ந்ததால் நூலகர் சிலர் குறை கூறினர். அவர்தம் இடர்ப்பாடும் மெய்யே. எனினும், தேடி வருபவர் வெறுங்கையுடன் திரும்புதலினும் நூலகர் உழைப்பு மிகுதல் நன்று என்பதே இவர்தம் வாழ்வு காட்டிய நெறி.

தில்லியிலும் பிறவிடங்களிலும் தொண்டாற்றிய இவர், 1962-இல் பெங்களூரில் ஆவணவியல் ஆராய்ச்சி பயிற்சி மையத்தை நிறுவினார். 1972-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-இல் அந்நகரிலேயே மறைந்தார். இவர் தொடங்கிய திருத்தப் பணியோ நிற்கவில்லை. பகுப்புமுறையின் ஏழாம் பதிப்பு 1987-இல் வெளிவந்தது.

இன்று கல்வி ஆராய்ச்சிக் கட்டுரைகள் கணினித் தரவுத்தளங்களில் இலட்சக்கணக்காகக் குவிந்துள்ளன. அவற்றிற்கும் தலைப்பிடுவாரும், வழக்கொழிந்த தலைப்பைக் களைந்து புதியதைச் சேர்ப்பாரும் வேண்டும். அவர்தம் பெயரைப் படிப்போர் அறியார். ஆயினும், அவர் ஒரு சொல்லைச் செவ்வனே பேணுவதால், எங்கோ ஓர் ஆசிரியர் தமக்கு வேண்டிய அறிவைப் பெறுகின்றார். ஆரவாரமற்ற இத்தொண்டின் அருமையை அரங்கநாதனார் வாழ்க்கை நமக்கு நன்கு உணர்த்துகின்றது.